குடத்தில் விழாத பெயர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே ஒரு கல்வெட்டு இருக்கிறது. "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் கண்ட நாடு, எங்கள் நாடு" என்று மேடைதோறும் முழங்குவோர், அந்தக் கல்லைத்தான் சான்று காட்டுவர். முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், கி.பி. 919லும் 921லும், பொறிக்கப்பட்ட எழுத்து அது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். ஏதுமறியாச் சிறுவன் ஒருவனை அழைத்து ஓலையை எடுக்கச் சொன்னார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஆண்டுப் பணிக்கு ஒரு வாரியம்! கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை என்ற கண்டிப்பும் உண்டு. நல்ல ஏற்பாடு. நாம் மறுக்கவில்லை. கணக்குக் காட்டாமலே காலம் தள்ளுவோர் அந்தக் கல்லின் எதிரே நின்று படிக்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

ஆனால், நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். அந்தக் குடத்தில் யார் பெயர் விழுந்தது?

கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையிலே வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். நிலம் குறைந்து அரைக்கால் வேலியே இருந்தாலும், ஒரு வேதமும் அதற்குரிய பாடியமும் ஓதத் தெரிந்தால் குறையை மன்னித்துவிடலாம்! நிலக் குறையை வேதம் நிரப்பும். வேதக் குறையை எது நிரப்பும்? எதுவும் நிரப்பாது. அது சதுர்வேதிமங்கலம். வேதம் ஓதும் உரிமை பெண்ணுக்கு இல்லை. வேதம் காதில் விழுவதே குற்றம் எனப்பட்டது உழைப்பவனுக்கு. ஆகவே, நிலத்தை உழுதவன் பெயர் ஓலையில் ஏறவில்லை. நெல்லைக் குற்றியவள் பெயரும் ஏறவில்லை. கல் பேசுகிறது. ஆனால் பாதி ஊரைப் பற்றி, பாதிக்கு மேற்பட்ட ஊரைப் பற்றி, வாய் திறக்கவில்லை.

அந்தப் பேசாத பாதியைப் பற்றியதே இந்தக் கட்டுரை. அதிலும், நமது ஏடுகள் அதிகம் எண்ணிப் பாராத ஒருத்தியைப் பற்றியது. கிராமத்துப் பாதிரியாரின் மனைவியைப் பற்றியது!

பகுத்தறிவு ஏட்டிலே பாதிரியாரின் மனைவிக்கு என்ன இடம் என்று இளந்தோழர்கள் புருவத்தை நெரிக்கலாம். நெரிக்கட்டும். முடிவு வரை படித்துவிட்டுப் பிறகு கேட்கட்டும்.

சொந்த மனை இல்லாதவர் தெரு

கல் பொறிக்கப்பட்டு ஏறத்தாழ 970 ஆண்டுகள் கழித்து, இதே வட்டாரத்தின் நிலையை ஒரு வெள்ளை அதிகாரி எழுதினார். 1891இல் செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியாளராக இருந்த டிரமன்ஹீர் என்பார், அம்மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். உழுவது அவர்கள், உரிமை மிராசுதாரருக்கு. குடியிருப்பது அவர்கள், குடிசை நிற்கும் மண்ணும் அவர்களுடையதன்று. கடனுக்குப் படியாளாகி, தந்தை பட்ட கடனை மகன் உடலால் அடைக்கும் வாழ்வு. நிலம் கொடுக்க வேண்டும், மனை கொடுக்க வேண்டும், பள்ளி கொடுக்க வேண்டும் என்று எழுதினார் அவர். 1892 செப்டம்பரில் பிறந்த அரசாணையின் வழியேதான் பின்னாளில் 'பஞ்சமி நிலம்' என்று பெயர் பெற்ற நிலங்கள் வழங்கப்பட்டன.

சொந்த மனை இருந்தால்தான் குடத்தில் பெயர் விழும் என்றது கல். சொந்த மனையே இல்லாத மக்கள் தெருத்தெருவாக இருக்கின்றனர் என்றது அறிக்கை. ஆயிரம் ஆண்டுப் பெருமையின் அடிப்பகுதி இதுதான்.

அந்தத் தெருக்களுக்குள் முதலில் நுழைந்த வெளியார் சிலர் உண்டு. செங்கற்பட்டிலே ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ; திருவள்ளூரிலே வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி. நில உரிமைக்காக வாதாடிய இவர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. இவர்களுக்குப் பின்னே, இவர்களால் அமர்த்தப்பட்ட தமிழ்ப் போதகர்களும் உபதேசியார்களும் ஊர் ஊராகச் சென்று தங்கினர். சேரியின் ஓரத்திலே ஒரு கூரைக் கொட்டகை. பகலில் அது பள்ளி, ஞாயிற்றுக்கிழமை அதுவே கோயில்.

அந்தக் கொட்டகையில் ஆண் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் போதகர். பெண் பிள்ளைகளுக்கு? அவர் மனைவி. தையல் சொன்னவர் அவர். எழுத்து அறியாத தாய்மாரை மாலையில் கூட்டி, மண்ணில் விரலால் எழுதக் காட்டியவர் அவர். பிள்ளைப் பேற்று நேரத்தில் நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வந்தவர் அவர். கணவரைச் சபை வேறு ஊருக்கு மாற்றினால், சட்டி பானையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டவரும் அவரே. அடுத்த ஊரில் மீண்டும் முதலெழுத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வளவுக்கும் ஊர் அவருக்கு வைத்த பெயர் என்ன? தென்னாட்டுச் சபைகளில் போதகரை 'ஐயர்' என்றனர். ஆகவே அவர் மனைவி 'ஐயரம்மா'! தாய் தந்தையர் இட்ட பெயர் போயிற்று. கணவனின் பதவிக்கு ஒட்டிய வாலாக அவர் வாழ்வு முடிந்தது. குடத்தில் விழாத பெயர், கோயிலின் பதிவேட்டிலும் விழவில்லை.

இப்படிப்பட்ட ஆயிரம் வாழ்வுகளில் சில மட்டுமே ஏட்டில் நிற்கின்றன. அவற்றைத் தேடினால் செங்கற்பட்டிலிருந்து நாம் தெற்கே செல்ல வேண்டும். ஏனெனில், இந்த வேலை முதலில் வேர் பிடித்தது நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும்தான்.

இடையன்குடியின் எலிசா

கால்டுவெல் என்ற பெயரை அறியாத திராவிட இளைஞன் உண்டோ? 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, தமிழ் வடமொழியின் வயிற்றில் பிறந்ததன்று, தனிக் குடும்பத்தின் தலைமகள் என்று உலகுக்கு நிறுவிக் காட்டிய பெரியார் அவர். 1968 சனவரியில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. 2010இல் அஞ்சல் தலை வந்தது. அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லம் ஆயிற்று. எல்லாம் தகும். நாம் மகிழ்கிறோம்.

எலிசா கால்டுவெல் என்ற பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

எலிசா, நாகர்கோயிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் இணையரின் மகள். நாஞ்சில் நாட்டில் பிறந்தவர் ஆதலால், தமிழ் அவருக்குப் பிள்ளைப் பருவத்து மொழி. கால்டுவெல் 1838இல் சென்னையில் கரையிறங்கிய பிறகு பாடுபட்டுப் படித்த பேச்சு, எலிசாவுக்குத் தெருவிலும் முற்றத்திலும் தானே வந்தது.

தாயார் மார்த்தாவைப் பற்றிச் சொல்லாமல் மகளைப் பற்றிச் சொல்ல முடியாது. 1819இல் நாகர்கோயிலுக்கு வந்த அவர், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு ரேந்தை பின்னும் தொழிலையும் கற்றுக் கொடுத்தார். ரேந்தை என்றால் ஏதோ சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். அன்றைய திருவிதாங்கூரில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கினர். அடிமை முறையை அரசு ஒழித்தது 1855இல்தான். ரேந்தை பின்னி விற்ற கூலியைச் சேர்த்து வைத்து, அடிமைப் பெண்கள் தம்மைத் தாமே விலை கொடுத்து மீட்டுக்கொண்டனர்! நூலும் ஊசியும் விலங்கை அறுத்த விந்தை இது. வாள் செய்த விடுதலைக்கு வரலாற்றிலே இடம் உண்டு. ஊசி செய்த விடுதலைக்கும் அந்த இடம் வேண்டும் என்கிறோம்.

அதே மண்ணில்தான் தோள்சீலைப் போராட்டமும் மூண்டது. மார்பை மறைப்பது உயர்சாதிப் பெண்ணுக்கு மட்டுமே உரிய உரிமை. நாடார் பெண் மறைத்தால் கந்தல் கந்தலாகக் கிழிப்போம் என்றனர் ஆதிக்கக்காரர். பள்ளியிலே மிஷனரி மனைவியர் தைத்துக் கொடுத்த குப்பாயம் அந்தப் போரின் முதற் கொடியாயிற்று. அரை நூற்றாண்டு அல்லல், அடி, தீ வைப்பு. 1859 சூலை 26இல் திருவிதாங்கூர் மன்னர் ஆணை பிறப்பித்தார். அதுவும் அரை மனதோடு: நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது! துணியிலும் சாதி பார்த்த நாடு, தோழர்களே, இது.

இந்தச் சூழலில் வளர்ந்தவர் எலிசா. 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். செந்நிற மணல் தேரி. காற்றடித்தால் பாதை மறையும். மண்ணுக்கு மேலே தெரிவது பனை ஒன்றுதான். ஆண்கள் விடியுமுன்னே மரம் ஏறுவர். பெண்கள் பதநீர் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்குவர். சிறுமியர் சுள்ளி பொறுக்குவர். பனைப் பருவத்தில் ஒரு சிறுமியின் இரு கைகளும் வீட்டுக்கு வேண்டும். அந்தக் கைகளில் எழுத்தாணியைக் கொடுப்பது எப்படி?

எலிசா கண்ட வழி, தங்கிப் படிக்கும் பள்ளி. வந்த ஆண்டிலேயே பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். அடுப்பங்கரையிலிருந்து ஐந்தாறு ஆண்டுகளுக்காவது பெண்ணை மீட்டால்தான் எழுத்து நிலைக்கும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல். தாயாரிடம் கற்ற ரேந்தையை இடையன்குடிக்கும் கொண்டுவந்தார். பனை கைவிட்ட மாதங்களிலும் பெண்ணின் கையில் காசு புழங்கிற்று. வீட்டுக்கு வரும் காசில் தன் பங்கு எது என்று ஒரு பெண் சுட்டிக் காட்டக்கூடிய நிலை, அந்தத் தேரியில் அதற்கு முன் இருந்ததா?

அந்தப் பள்ளியில் படித்த பெண்கள் ஆசிரியைகளாகவும் உபதேசியார்களின் மனைவியராகவும் பக்கத்து ஊர்களுக்குப் போயினர். போன இடத்தில் அவர்களும் கொட்டகையில் பாடம் தொடங்கினர். ஒரு விளக்கிலிருந்து பல விளக்கு. நெல்லைச் சீமையில் பெண் கல்வி விரைந்து பரவியதற்கு மண்ணின் மகிமை காரணமன்று. இந்தத் தொடர்வேலைதான் காரணம்.

கணவர் ஊருக்குத் தெரு அமைத்தார், கிணறு வெட்டினார், 1847 முதல் 33 ஆண்டுகள் உழைத்துத் தூய திரித்துவ ஆலயத்தைக் கட்டி 1880இல் திறந்தார், ஒப்பிலக்கணம் எழுதினார், 1877இல் பிஷப் ஆனார். இவ்வளவுக்கும் நேரம் எங்கிருந்து வந்தது? எலிசா எழுவரை வளர்த்தார், வீட்டை நடத்தினார், விடுதியையும் நடத்தினார். ஓர் அறிஞர் மேசையிலே அமைதியாக அமர்ந்து எழுத, அந்த அமைதியை யாரோ ஒருவர் உழைத்து உண்டாக்க வேண்டும். அந்த உழைப்புக்கு இலக்கண நூலிலே வேற்றுமை உருபு கிடையாது.

1891இல் கால்டுவெல் கொடைக்கானலில் இறந்தார். உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. 1899இல் எலிசா இறந்தார். இருவரும் அவர்கள் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம். மண்ணுக்குள் சமத்துவம் கிடைத்துவிட்டது. மண்ணுக்கு மேலே, சிலை ஒருவருக்குத்தான்.

அன்னாள் சத்தியநாதன்

வெள்ளைக்காரப் பெண்மணிக்கு வசதி இருந்தது, வாய்ப்பு இருந்தது, ஆட்சியின் நிழல் இருந்தது என்று கூறலாம். உண்மை. ஆகவே ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்ப்போம்.

நெல்லைச் சீமையில் கடாட்சபுரம் என்றொரு சிற்றூர். அங்கே குருவாக இருந்தவர் ஜான் தேவசகாயம். 1830இல், சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் தென்னாட்டில் முதன்முதல் குருத்துவப் பட்டம் பெற்ற தமிழர். அவர் மகள் அன்னாள். போதகர் வீட்டிலே பிறந்து, 1849இல் போதகராகப் போகிறவருக்கே வாழ்க்கைப்பட்டார். மணமகன், பாளையங்கோட்டைப் பள்ளியில் கண்பார்வை இழந்த தலைமையாசிரியர் குரூக்ஷாங்கிடம் பயின்று, 1847இல் கிறித்துவரான சத்தியநாதன். நெல்லைச் சிற்றூர்களில் பணிசெய்த அவ்விணையர், 1860களின் தொடக்கத்தில் சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்துக்கு மாற்றப்பட்டனர்.

கிராமத்திலே கற்ற வேலையை அன்னாள் பட்டணத்திலே தொடங்கினார். அன்று சென்னையில் மேல்சாதி வீட்டுப் பெண் வாசற்படி தாண்ட மாட்டாள். பூப்படையுமுன் திருமணம், திருமணத்தோடு படிப்புக்குச் சமாதி. பெண் பள்ளிக்கு வரமாட்டாள் என்றால் பள்ளி பெண்ணிடம் போகட்டும் என்று வீடு வீடாகச் சென்று கற்பித்தார் அன்னாள். இந்து வீட்டுச் சிறுமியருக்கென்று பள்ளிகள் திறந்தார். நல்ல தாய் எப்படி இருத்தல் வேண்டும் என்பது பற்றித் தமிழிலே நூல் எழுதினார். 1878இல் கணவரோடு இங்கிலாந்து சென்று வந்தார். 1890இல் மறைந்தார்.

ஒரு பெண் கற்றால் என்ன ஆகும் என்பதற்கு அவர் வீடே சான்று. அதே 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேரத் துணிந்து வந்த கிருபாபாய் என்னும் மராட்டியப் பெண் அவர்கள் இல்லத்தில்தான் தங்கிப் படித்தார். உடல்நலம் குன்றியதால் மருத்துவப் படிப்பு நின்றது. ஆனால் அன்னாளின் மகன் சாமுவேலை 1883இல் மணந்த கிருபாபாய், ஆங்கிலத்தில் புதினம் எழுதிய இந்தியப் பெண்களுள் முன்னோடியானார். 1894இல் அவர் இளமையிலேயே இறந்தார். பிறகு அக்குடும்பத்தின் மருமகளாக வந்த கமலா சத்தியநாதன் 1901இல் சென்னையிலிருந்து இந்தியப் பெண்களுக்கென்று ஆங்கில மாத இதழ் ஒன்றை நடத்தத் தொடங்கினார். கடாட்சபுரத்தின் குருமனையிலிருந்து மூன்று தலைமுறையில் எவ்வளவு தூரம்!

கணக்குப் பார்ப்போம்

இனி, கணக்கு. குடவோலைக் கல்லே கணக்குக் கேட்கச் சொல்கிறதே!

முதலில் நம் எதிரிகள் கேட்கும் கேள்வி. "இதெல்லாம் மதம் மாற்றப் போட்ட தூண்டில் அல்லவா?" என்பர். ஆம், அவர்கள் மதத்தைப் பரப்பவே வந்தனர். அதை மறைக்கவும் இல்லை. அந்த மதத்தை நாம் ஏற்கவில்லை. சொர்க்கத்தை எந்த மதம் விற்றாலும் நாம் வாங்குவோர் அல்லோம். ஆனால் தூண்டிலைப் பழிக்கும் அன்பர்களை ஒன்று கேட்கிறோம். குளத்து நீரை வற்றவிட்டவர் யார்? ஆயிரம் ஆண்டு வேதம் ஓதிய ஊரில், ஒரே ஒரு சேரிச் சிறுமிக்கு ஓர் எழுத்து, எந்த நிபந்தனையும் இன்றிக் கற்பித்திருந்தால், தூண்டிலுக்கு வேலை ஏது?

அடுத்து, நாம் கேட்கும் கேள்வி. அந்த மதமேனும் நீதி செய்ததா? சாதியை விட்டுவிட்டு வா என்று அழைத்த சபைகளில், சாதி வேறு வாசல் வழியாக நுழைந்து முன் வரிசையில் உட்கார்ந்தது. கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை பார்த்தனர். கால்டுவெல்லே 1849இல் நாடார் மக்களைப் பற்றி எழுதிய சிறு நூல், அம்மக்களைப் புண்படுத்திப் பெரும் கண்டனத்துக்கு ஆளாயிற்று. போற்றுவதற்காகப் பொய் சொல்ல மாட்டோம்.

பள்ளியிலும் குறை உண்டு. பெண்ணைப் படிக்க வைத்தது எதற்கு? நல்ல மனைவியாக, நல்ல தாயாக, போதகருக்கு ஏற்ற துணையாக ஆக்குவதற்கு. அவளை அவளுக்காகவே படிக்க வைக்கும் எண்ணம் அங்கே முழுமையாக இல்லை. ஆயினும் எழுத்துக்கு ஒரு குணம் உண்டு: கற்பித்தவர் வகுத்த எல்லையோடு அது நிற்பதில்லை. செபப் புத்தகம் வாசிக்கக் கற்றவள், கடன் பத்திரத்தையும் வாசித்தாள்!

ஆனால் மிகப் பெரிய குறை வேறு. மிஷன் சம்பளம் கொடுத்தது கணவனுக்கு. பள்ளியை நடத்திய மனைவிக்கு நியமனம் இல்லை, ஊதியம் இல்லை. ஆண்டறிக்கையில் 'மிஸஸ் கால்டுவெல்' என்ற குறிப்போடு சரி. பாடம் சொல்லலாம், பிரசவம் பார்க்கலாம், பசித்தவருக்குச் சோறிடலாம். பலிபீடத்தின் அருகே நின்று பேச மட்டும் கூடாது! எலிசா இடையன்குடியில் பள்ளி தொடங்கியது 1844இல். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947இல். அத்திருச்சபையில் ஒரு பெண்ணுக்குக் குருத்துவப் பட்டம் கிடைத்தது 1976இல். முதல் பெண் பேராயர், ஆந்திர நாட்டு நந்தியாலில், வந்தது 2013இல். 1844 முதல் 1976 வரை 132 ஆண்டுகள்! வேலைக்கு வா என்று அழைத்த நாளுக்கும், வந்து உட்கார் என்று சொன்ன நாளுக்கும் இடையே நான்கைந்து தலைமுறை. கத்தோலிக்கத் திருச்சபையில் அந்த நாள் இன்னும் விடியவில்லை.

உத்திரமேரூர்க் கல், வேதம் தெரியாதவள் என்று பெண்ணை விலக்கிற்று. திருச்சபையோ, வேதத்தைக் கற்றுக் கொடுத்து, பிறருக்குக் கற்பிக்கவும் சொல்லி, அதன் பிறகும் விலக்கிற்று. எது பெரிய அநீதி என்று தோழர்களே தீர்ப்புக் கூறட்டும்.

நம் வீட்டுக் குடம்

பிறரைக் கேட்டு முடித்தோம். நம்மை நாம் கேட்க வேண்டாமா?

1929 பிப்ரவரியில், இதே செங்கற்பட்டிலே, முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. பெண்ணுக்கு ஆணைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலை பெண்களுக்கே அளிக்கப்பட வேண்டும் என்றும் தீர்மானித்தது. ஐயரம்மாக்கள் கூலியின்றிக் கொட்டகையில் செய்த வேலையை, கூலியோடு, உரிமையோடு, பதவியோடு பெண்ணுக்குக் கொடு என்றது அம்மாநாடு. கருணையாகச் செய்தது உரிமையாக மாறும் இடம் அதுதான். 60 ஆண்டு கழித்து, 1989இல், இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் மகனோடு சம பங்கு தந்தது தமிழ்நாடு. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்ணுக்கு ஒதுக்கிற்று. 2016இல் தமிழ்நாடு அதைப் பாதியாக்கிற்று. சேரியில் பிறந்தவளும் தலைவியாகலாம். வேதம் கேட்பாரில்லை, வேலி நிலம் கேட்பாரில்லை. கல் தோற்றது!

தோற்றதா? சில ஊர்களில் சென்று பாருங்கள். தலைவர் என்ற பலகையில் அவள் பெயர். நாற்காலியில் அவள் கணவன். அன்று குருமனையில் வேலை அவளுக்கு, பதவி அவனுக்கு. இன்று அவ்வூர்களில் பதவி அவள் பெயருக்கு, அதிகாரம் அவன் கைக்கு. குடத்தில் பெயர் விழுந்துவிட்டது. குடம் இன்னும் அவன் இடுப்பில்!

நம் இயக்கத் தோழனின் வீட்டுக்கும் வருவோம். கூட்டம் முடிந்து நள்ளிரவில் நான்கு பேரோடு வீடு திரும்புகிறான். "சமத்துவம்" என்று முழங்கிய தொண்டை வறண்டிருக்கிறது. உலை வைப்பவள் யார்? அவன் சிறை சென்ற நாட்களில் பிள்ளைகளைக் காப்பாற்றியவள் யார்? கொடியைத் தைத்தவள் யார்? 1921இல் கள்ளுக்கடை மறியலிலும் 1924இல் வைக்கத்திலும் நாகம்மையாரும் கண்ணம்மையாரும் களத்திலே நின்றதை நாம் பெருமையோடு சொல்கிறோம். அவர்கள் முன்னே வந்து நின்றார்கள், ஆகவே அறிந்தோம். பின்னே நின்றவர்களை அறிவோமா? பாதிரியாரின் மனைவிக்கு ஊதியம் தராத மிஷனைக் கண்டிக்கும் நாம், தோழரின் மனைவிக்குத் தொண்டர் பட்டியலில் ஒரு வரி தந்திருக்கிறோமா?

இதற்காகத்தான் பாதிரியாரின் மனைவியைப் பற்றி எழுதினோம். அவர் எந்தக் கடவுளை நம்பினார் என்பது அவர் உரிமை. அவர் செய்த வேலை நம் எல்லாருடைய வரலாறு. உழைப்பைப் போற்றி, உழைத்தவள் பெயரை மறைப்பது, உழுதவனைப் போற்றிவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்வதற்குச் சமம்.

ஆகவே, இளந்தோழர்களுக்கு ஒரு வேலை. விடுமுறை நாளொன்றில் உங்கள் ஊரிலேயே, பக்கத்துச் சேரியிலேயே, எழுபது எண்பது வயதுப் பாட்டிமார் இருப்பர். அவர்களிடம் சென்று, "பாட்டி, உங்களுக்கு முதலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தது யார்?" என்று கேளுங்கள். பலர், எழுத்தே அறியோம் என்பர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் வரலாறே. சிலர், "ஐயரம்மா" என்பர். சிலர், "டீச்சரம்மா" என்பர். அதோடு விட்டுவிடாதீர்கள்.

"அந்த அம்மாவின் பெயர் என்ன?" என்று கேளுங்கள். கேட்டு எழுதுங்கள். அவர் கணவரின் பெயரை அல்ல, அவர் பெயரை.